விமானப் படை பைலட் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறீர்களா? கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள்

தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது "விமானப் படையில் பைலட் ஆகணும், என்ன படிக்கணும்?" என்று வந்தால், நான் முதலில் மதிப்பெண்ணைக் கேட்பதில்லை. தரையில் உட்காரச் சொல்லி, முதுகைச் சுவரோடு ஒட்டிக் காலை நீட்டச் சொல்வேன். அப்புறம் டேப்பை எடுப்பேன். சிரிப்பார்கள். அளந்து முடித்ததும் சிலர் முகத்தில் சிரிப்பு இருக்காது.

விமானப் படைத் தேர்வின் வரிசை இது: எழுத்துத் தேர்வு, பல நாள் நடக்கும் ஆளுமைத் தேர்வும் நேர்முகமுமான எஸ்எஸ்பி, பைலட் திறன் சோதனையான சிபிஎஸ்எஸ், மருத்துவப் பரிசோதனை, கடைசியாக மெரிட் பட்டியல். எல்லோரும் இதே வரிசையில்தான் தயாராகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். இரண்டு வருடம் படித்து, முதல் எஸ்எஸ்பியில் முதல் நாளே திரும்பி வந்து, இரண்டாவது முறை ரெக்கமண்ட் ஆகி, அதாவது எஸ்எஸ்பியில் தேறி, கடைசியில் கண்ணில் நின்றேன். மைனஸ் 0.75 கிட்டப்பார்வை. ஊரில் உள்ள ஒரு கண்ணாடிக் கடையில் கால் மணி நேரத்தில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது. அதனால்தான் இந்தக் கட்டுரை பின்னாலிருந்து முன்னால் வருகிறது.

அதற்கு முன் இட நிலவரத்தைப் பார்த்துவிடலாம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கான என்டிஏ (தேசிய பாதுகாப்பு அகாடமி) தேர்வின் ஒரு பருவத்தில் விமானப் படைக்கு 120 இடம். அதில் பறக்கும் பிரிவுக்கு 92. பட்டதாரிகள் எழுதும் முப்படைத் தேர்வான சிடிஎஸ் வழியாக விமானப் படை அகாடமிக்கு 32. பட்டதாரிகளுக்கு விமானப் படையே நடத்தும் ஏஃப்கேட்டில் பறக்கும் பிரிவுக்கு முப்பதைச் சுற்றியோ அதற்கும் கீழேயோதான் வரும். விண்ணப்பங்களோ லட்சக்கணக்கில். வேடிக்கை என்னவென்றால், படைக்கு ஆள் தேவை இல்லாமல் இல்லை. 2015 பிப்ரவரியில் 486 ஆக இருந்த விமானிகள் பற்றாக்குறை 2021 இறுதியில் 596 ஆகிவிட்டது என்று அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை சொன்னது. ஆண்டுக்கு 222 பேரைப் பயிற்சிக்கு எடுக்கத் திட்டமிட்டும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. ஆளைச் சேர்த்தால் மட்டும் போதாது. கற்றுக்கொடுக்கப் பயிற்சி விமானமும் பயிற்றுநரும் வேண்டுமே. எச்பிடி-32 விமானங்கள் 2009இல் பறப்பதை நிறுத்திய பிறகு, 75 பிலாட்டஸ் பிசி-7 விமானங்கள் வந்துதான் அடிப்படைப் பயிற்சி மூச்சு விட்டது. அடுத்த 70 எச்டிடி-40 விமானங்களுக்கு 2023இல்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆகவே "பற்றாக்குறையாம், நிறையப் பேரை எடுப்பாங்க" என்று யாராவது சொன்னால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

முதலில் உடம்பு

பறக்கும் பிரிவுக்குக் குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ. அதைவிட முக்கியமானவை உட்கார்ந்து எடுக்கும் அளவுகள். உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். கால் நீளம் 99 முதல் 120 செ.மீ. வரை. தொடை நீளம் 64 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. இந்த எண்கள் சும்மா வைத்தவை அல்ல. கால் குட்டையாக இருந்தால், விமானத்தின் வால் சுக்கானை இயக்கும் ரட்டர் பெடல் எட்டாது. தொடை நீளமாக இருந்தால், ஆபத்தில் இருக்கையோடு வெளியே வீசப்படும்போது முழங்கால் முன்பலகையில் இடிக்கும். அதனால் ஆறடி உயரமான பையன்கள் 'நமக்கென்ன' என்று இருந்துவிடக் கூடாது. தொடை அளவில் மாட்டுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

வீட்டிலேயே அளக்கலாம். கால் நீளத்துக்குத் தரையில் உட்கார்ந்து, முதுகும் இடுப்பும் சுவரில் ஒட்டியிருக்க, சுவரிலிருந்து குதிகால் வரை. தொடைக்கு நாற்காலியில் உட்கார்ந்து, இடுப்பின் பின்பகுதியிலிருந்து முழங்காலின் முன்பகுதி வரை. ஓரிரு செ.மீ. முன்னே பின்னே வரலாம். அளவு எல்லைக்கோட்டில் நின்றால் கலங்க வேண்டாம். ஐந்து செ.மீ. தாண்டினால் கனவை மாற்றி யோசிக்கலாம். தரைப் பணிப் பிரிவுகளுக்கு இந்தக் கால், தொடைக் கணக்கு தடையாக நிற்காது.

அடுத்தது கண். ஒரு கண் 6/6, மற்றது 6/9 வரை இருக்கலாம். கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போடும் நிலை பறக்கும் பிரிவில் ஏற்கப்படாது. தூரப்பார்வையில் பிளஸ் 2.0 வரை ஏற்பார்கள். நிறப்பார்வை முழுமையாக வேண்டும். வெறும் எழுத்துப் பலகையைப் படித்துவிட்டு 'நல்லா தெரியுது' என்று வந்துவிடாதீர்கள். கண் மருத்துவரிடம் போய், சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் முழுப் பரிசோதனையும் புள்ளிப் படப் புத்தகத்தை வைத்துச் செய்யும் நிறப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். பச்சை, சிவப்பு வேறுபாடு தெரியாமலே இருபது வயது வரை வந்தவர்கள் உண்டு.

பார்வையைச் சரிசெய்யும் லேசர் அறுவையான லேசிக் செய்தால் போதாதா என்று கேட்பீர்கள். ஏற்கிறார்கள், நிபந்தனைகளோடு: இருபது வயதுக்கு முன் செய்திருக்கக் கூடாது, செய்து பன்னிரண்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், விழியின் நீளம் 25.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதாவது என்டிஏ வயதில் அந்த வழி கிடையாது. பட்டப்படிப்புக்குப் பின் வருபவர்களுக்குத்தான். அறுவைக்குப் போவதற்கு முன்பே விழி நீளத்தை அளந்துவிடுங்கள். அது கூடுதலாக இருந்தால், அறுவை நன்றாக நடந்தாலும் இந்த வேலைக்குப் பயன் இல்லை.

மற்றவை: மூக்குத் தண்டு வளைவு, தட்டைப் பாதம், முழங்கால் முட்டுதல், உள்ளங்கை வியர்வை, காதில் மெழுகு. சிலவற்றைச் சரிசெய்யலாம், சிலவற்றை முடியாது. பறக்கும் பிரிவில் முதுகெலும்பை எக்ஸ்ரேயில் உன்னிப்பாகப் பார்ப்பார்கள். அவசர இருக்கை தரும் உதையை அந்த எலும்புதான் வாங்க வேண்டும். பச்சை குத்த ஆசையிருந்தால் தள்ளிப் போடுங்கள். முன்கையின் உள்பக்கமும் புறங்கையும் தவிர மற்ற இடங்களில் இருந்தால் பொதுவாக ஏற்பதில்லை.

எந்த வாசல், எத்தனை முறை

அடுத்து, பிறந்த தேதியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அறிவிக்கையிலும் 'இந்தத் தேதிக்கு முன்னும் இந்தத் தேதிக்குப் பின்னும் பிறந்திருக்கக் கூடாது' என்று இருக்கும். அதை வைத்து உங்களுக்கு இன்னும் எத்தனை வாய்ப்பு மிச்சம் என்று எண்ணுங்கள்.

யுபிஎஸ்சி நடத்தும் என்டிஏ தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை. வயது 16½ முதல் 19½. விமானப் படை வேண்டுமென்றால் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் இருக்க வேண்டும். பிளஸ் டூ படித்துக்கொண்டே எழுதலாம். நடைமுறையில் ஒருவருக்கு நான்கு வாய்ப்பு கிடைத்தால் நல்லது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்க வேண்டியது: பிளஸ் ஒன்னில் கணிதம் இல்லாத சயின்ஸ் குரூப் எடுத்தால் இந்த வாசல் அன்றே மூடிவிடும், ஏஃப்கேட்டின் பறக்கும் பிரிவும் சேர்ந்து. கணிதம் உள்ள குரூப்தான் வேண்டும். கூடவே உயிரியலா கம்ப்யூட்டரா என்பது பிரச்சினை இல்லை.

பட்டப்படிப்புக்குப் பின் சிடிஎஸ், ஏஃப்கேட் இரண்டும். வயது 20 முதல் 24. இரண்டுமே வருடத்துக்கு இரண்டு முறை, கடைசி ஆண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். 21, 22 வயதில் பொறியியல் முடிப்பவர் இரண்டையும் விடாமல் எழுதினால் எட்டுப் பத்து விண்ணப்பம் போடலாம். பலர் ஏஃப்கேட்டை மட்டும் எழுதிவிட்டுப் பாதி வாய்ப்பை வீணாக்குகிறார்கள். ஏஃப்கேட்டில் பிளஸ் டூ கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் 50 சதவீதமும் பட்டத்தில் 60 சதவீதமும் கேட்பார்கள். சிடிஎஸ் வழி நிரந்தரப் பணி. ஏஃப்கேட் பறக்கும் பிரிவு 14 வருடக் குறுகிய காலப் பணி. 14 வருடம் முடிந்து வரும்போது வயது 36, 38 இருக்கும், ஓய்வூதியம் இருக்காது. இதை வீட்டில் இப்போதே பேசிவிடுவது நல்லது.

பெண்களுக்கு ஏஃப்கேட் முன்பிருந்தே உண்டு. 2016இல் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் முதல் பெண் போர் விமானிகளாக வந்தார்கள். என்டிஏ 2022 முதல் பெண்களை எடுக்கிறது. முதல் தொகுப்பு 2025 மே மாதம் வெளியே வந்தது. இந்த வழியைப் பிளஸ் டூ மாணவிகள் பலர் இன்னும் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

பலர் பார்க்காத இன்னொரு வழி என்.சி.சி. ஏர் விங். சீனியர் பிரிவில் சி சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்எஸ்பிக்குப் போகலாம். சிடிஎஸ், ஏஃப்கேட் இடங்களில் பத்து சதவீதம் இவர்களுக்கு. ஆனால் ஏர் விங் இருக்கும் கல்லூரிகள் குறைவு. ஆகவே கல்லூரி தேர்ந்தெடுக்கும்போதே 'இங்கே ஆர்மி விங்கா, ஏர் விங்கா' என்று கேளுங்கள். மூன்றாம் ஆண்டில் கேட்டுப் பயனில்லை.

வணிக பைலட் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு வயது வரம்பு 26. இதைக் கேள்விப்பட்டு, 24 தாண்டியவர்கள் கடன் வாங்கி உரிமம் எடுக்கக் கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடச் சலுகைக்காகப் பல லட்சம் கடன் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சிவில் விமானத் துறைக்குப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

விண்ணப்பத்தில் கவிழும் இடங்கள்

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கா. முருகன்', ஆதாரில் 'முருகன் காளிமுத்து', கல்லூரியில் 'முருகன் கே'. வடக்கே இருக்கும் அலுவலருக்கு இது மூன்று ஆள். விண்ணப்பத்தில் பெயர், பிறந்த தேதி இரண்டும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். ஆதாரையும் அதற்கு ஏற்ப முன்கூட்டியே திருத்திவிடுங்கள்.

என்டிஏ, சிடிஎஸ் விண்ணப்பத்தில் விருப்ப வரிசை கேட்பார்கள். விமானப் படையை முதலில் போட வேண்டும். 'எதுவாக இருந்தாலும் சரி' என்று ராணுவத்தை முதலில் போட்டுவிட்டு, பின்னால் பறக்க ஆசைப்பட்டு வருந்தியவர்கள் உண்டு.

என்டிஏ எழுத்துத் தேர்வில் தேறிய பின், இந்திய ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். 'நான் விமானப் படைதானே கேட்டேன், ராணுவத் தளம் எதற்கு' என்று விட்டுவிடாதீர்கள். விமானப் படை கேட்டவர்களும் அங்கேதான் பதிய வேண்டும். ஏஃப்கேட்டில் எஸ்எஸ்பி மையத்தையும் தேதியையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். தேதிகள் சீக்கிரம் நிரம்பும் என்பதால் முடிவு வந்த அன்றே உட்கார்ந்துவிடுங்கள். நமக்கு மைசூரு பக்கம். டேராடூன், வாரணாசி, காந்திநகர், கஞ்ச்ராபாரா என்றால் ரயிலிலேயே இரண்டு நாள் ஓடிவிடும். அந்த நுழைவு வகையில் முதன்முறை போகிறவர்களுக்கு மூன்றாம் ஏசி கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள், டிக்கெட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

எழுத்துத் தேர்வு

இதைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். கட்-ஆஃப் தாண்டினால் போதும் என்று படிக்காதீர்கள். என்டிஏவில் எழுத்துத் தேர்வுக்கு 900, எஸ்எஸ்பிக்கு 900. மெரிட் பட்டியலில் இரண்டையும் கூட்டித்தான் வரிசை போடுவார்கள். ஏஃப்கேட்டிலும் அப்படித்தான். எஸ்எஸ்பியில் உங்கள் மதிப்பெண்ணைக் கணிக்க முடியாது. எழுத்துத் தேர்வில் முடியும். இடம் குறைவாக இருக்கும்போது அந்த முப்பது, நாற்பது மதிப்பெண்தான் கடைசியில் உங்களை உள்ளே வைக்கும். என்டிஏவில் கணிதம் 300. பொது அறிவுத் தாள் 600, அதில் ஆங்கிலம் மட்டும் 200. ஏஃப்கேட்டில் 100 கேள்வி, 300 மதிப்பெண், இரண்டு மணி நேரம். தவறுக்கு ஒரு மதிப்பெண் போகும்.

எஸ்எஸ்பி

நான்கைந்து நாள் நடக்கும் இதில் பாதிப் பேர், சில நாள் பாதிக்கு மேல், முதல் நாள் மதியமே வீடு திரும்புவார்கள். முதல் நாள் ஒரு புத்திக்கூர்மைத் தேர்வு. பிறகு ஒரு மங்கலான படத்தை 30 நொடி காட்டி, நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள். அந்தக் கதையைக் குழுவுக்குச் சொல்லி, எல்லோரும் சேர்ந்து ஒரே கதையாக்க வேண்டும். அந்த இடத்தில் மீன் சந்தை ஆகிவிடும். நான் முதல் முறை வெளியேறியது அங்கேதான். இந்தச் சத்தத்தில் என் ஆங்கிலம் எடுபடாது என்று நானே முடிவு கட்டி வாயைத் திறக்கவில்லை.

தமிழ்வழியில் படித்தவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். அங்கே இலக்கணத்துக்கு மதிப்பெண் இல்லை. சின்னச் சின்ன வாக்கியம் போதும். இரண்டு முறை தெளிவாகப் பேசி, ஒரு முறை வேறொருவர் சொன்ன நல்ல யோசனையை எடுத்துக் கொடுத்தால், கத்திக்கொண்டே இருப்பவரைவிட நீங்கள் மேலே நிற்பீர்கள். அதற்கு வழி, ஆறு மாதம் தினமும் பத்து நிமிடம் சத்தமாக ஆங்கிலத்தில் பேசிப் பழகுவதுதான். நண்பர் நான்கு பேர் சேர்ந்தால் மொட்டை மாடி போதும்.

மறுநாள் உளவியல் தேர்வு. 12 படத்துக்குக் கதை. 60 சொல், ஒவ்வொன்றுக்கும் 15 நொடியில் ஒரு வாக்கியம். 60 சூழ்நிலைகளுக்கு 30 நிமிடத்தில் பதில். உங்களைப் பற்றி நீங்களே எழுதுவது. இதற்கு மனப்பாடப் பதில் வைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர்கள் அதைத் திருத்துகிறார்கள். உங்கள் கதையில் வரும் ஆளும், நேர்முகத்தில் பேசும் நீங்களும், மைதானத்தில் நடக்கும் குழுப் பணிகளில் கட்டையைத் தூக்கும் நீங்களும் ஒரே ஆளாகத் தெரிய வேண்டும். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் கடைசி நாள் தேர்வாளர்கள் எல்லோரும் கூடும் கான்ஃபரன்ஸில் அது தெரிந்துவிடும். நேர்முகத்தில் வீட்டைப் பற்றி, ஊரைப் பற்றி, மதிப்பெண் ஏன் குறைந்தது என்பது பற்றிக் கேள்விகள் அடுக்கடுக்காக வரும். 'ஏன் விமானப் படை?' என்றால் 'சின்ன வயசுக் கனவு' என்று நிறுத்தாதீர்கள். சூலூரில் என்ன விமானம், தஞ்சாவூரில் என்ன விமானம், தாம்பரத்தில் எதற்குப் பயிற்சி தருகிறார்கள் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். தாம்பரத்தில்தான் பறக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர்களுக்கே பயிற்சி நடக்கிறது. சென்னைக்காரர்களே பலருக்கு அது தெரியாது.

சிபிஎஸ்எஸ்: ஒரே ஒரு முறை

எழுத்துத் தேர்வைத் திரும்ப எழுதலாம், எஸ்எஸ்பிக்குத் திரும்பப் போகலாம். சிபிஎஸ்எஸ் வாழ்நாளில் ஒரே முறை. தோற்றால் பறக்கும் பிரிவு நிரந்தரமாக மூடிவிடும். கடற்படையின் பைலட் நுழைவுக்கும் இதே சோதனைதான் என்பதால் அதுவும் போகும். தரைப் பணிப் பிரிவுகளுக்கு மட்டும் தடையில்லை. தேறிவிட்டாலோ மறுபடி எழுத வேண்டியதில்லை. அடுத்த எஸ்எஸ்பிக்கும் அந்தத் தேர்ச்சி செல்லும்.

சோதனையில் ஒரு பகுதி விமானத்தின் அளவிகளைப் படிப்பது. முதலில் விளக்குவார்கள், பிறகு திரையில் காட்டிக் கேள்வி கேட்பார்கள். இன்னொரு பகுதியில் கையில் ஸ்டிக், காலில் பெடல். திரையில் நகரும் குறியை இரண்டையும் வைத்து நடுவில் நிறுத்த வேண்டும், இடையில் விளக்கும் ஒலியும் வரும். இது பிறவித் திறன், தயாராக முடியாது என்பார்கள். பாதி உண்மை. உயரமானி, வேகமானி, செயற்கைத் தொடுவானம், திசைகாட்டி, ஏறும் இறங்கும் வேகமானி, திருப்பங்காட்டி ஆகிய ஆறையும் படம் போட்டுப் படித்துவிட்டுப் போனால், விளக்கம் சொல்லும் நேரத்தில் தடுமாற மாட்டீர்கள். கம்ப்யூட்டர் விமான விளையாட்டுக்கு ஜாய்ஸ்டிக் கிடைத்தால் ஒரு மாதம் கை பழகட்டும். பெடலில் எந்தக் காலை அழுத்தினால் எந்தப் பக்கம் என்பது யோசிக்காமல் வர வேண்டும். முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள். ரெக்கமண்ட் ஆன சந்தோஷத்தில் விடியும்வரை வீட்டுக்குப் போன் பேசிவிட்டு வந்து உட்கார்ந்த ஒரு பையனை எனக்குத் தெரியும்.

இந்த முறையை யோசித்தவர் அப்துல் கலாம் என்பார்கள். அவரே இளம் வயதில் டேராடூனில் விமானப் படைத் தேர்வுக்குப் போய், 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எட்டு இடம்தான் இருந்தது.

மருத்துவம், மெரிட், காத்திருப்பு

மருத்துவப் பரிசோதனை பெங்களூரு விமான மருத்துவ நிறுவனத்திலோ டெல்லியிலோ நடக்கும். முதலில் அளந்துவிட்டுக் கிளம்பியவருக்கு அங்கே பெரிய அதிர்ச்சி இருக்காது. தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதினால், கையில் தரும் தாளில் மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்று இருக்கும். அன்றே அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். அதிக எடை, காது மெழுகு போன்றவை இப்படித்தான் சரியாகின்றன.

தகுதி பெற்றும் சேர்க்கைக் கடிதம் வராமல் போகலாம். அதற்குப் பெயர் மெரிட் அவுட். எஸ்எஸ்பி, சிபிஎஸ்எஸ், மருத்துவம் எல்லாம் தாண்டியும் பட்டியலில் இடம் எட்டாமல் நிற்பது. வலிக்கும், ஆனால் அவர்களுக்குக் கையில் ஒன்று மிச்சம்: சிபிஎஸ்எஸ் தேர்ச்சி. அடுத்த முறை அவர்கள் தாண்ட வேண்டியது எழுத்துத் தேர்வும் எஸ்எஸ்பியும் மருத்துவமும் மட்டுமே.

கடிதம் வந்தால், என்டிஏக்காரர்களுக்குப் புனே அருகே கடக்வாஸ்லாவில் மூன்று வருடமும் பிறகு ஐதராபாத் அருகே துண்டிகல் விமானப் படை அகாடமியும். பட்டதாரிகளுக்கு நேராகத் துண்டிகல், 74 வாரம். பயிற்சியின் கடைசி ஓராண்டில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. முதலில் பிலாட்டஸ்; அதில் எப்படிப் பறக்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் போர் விமானமா, சரக்கு விமானமா, ஹெலிகாப்டரா என்று பிரிப்பார்கள்.

பட்டியலுக்குக் காத்திருக்கும் மாதங்களில் பலர் எதுவும் செய்யாமல் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த இடைவெளியில் அடுத்த ஏஃப்கேட், சிடிஎஸ் அறிவிக்கை வந்து முடிந்துவிடும். ரெக்கமண்ட் ஆகி மருத்துவத்தில் தேறியிருந்தாலும் அடுத்த விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். சேர்க்கைக் கடிதம் முதலில் வந்தால் அந்தத் தேர்வுக்குப் போக வேண்டாம், அவ்வளவுதான்.